முடிவெட்டும் நாற்காலி: ஆட்டிசக் குழந்தையின் அச்சத்துக்கு எண்பதாண்டு விடைகள்

முடிக்கு உணர்ச்சி கிடையாது, வெட்டினால் வலிக்காது. அழும் குழந்தைக்குப் பெரியவர்கள் சொல்லும் முதல் சமாதானம் இதுதான். அது பாதி உண்மை. முடியில் நரம்பு இல்லைதான். ஆனால் ஒவ்வொரு முடியின் வேர்ப்பையைச் சுற்றியும் நரம்பு முனைகள் பின்னிக்கிடக்கின்றன. முடி லேசாக வளைந்தாலும் இழுபட்டாலும் அவை மூளைக்குச் செய்தி அனுப்பிவிடுகின்றன. பெரும்பாலோருக்கு அந்தச் செய்தி சில நொடிகளில் மங்கிப்போகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு அது எளிதில் மங்குவதில்லை. கழுத்தில் துணி கட்டியதும் பிய்த்தெறிவது, மெஷின் ஓடத் தொடங்கியதும் காதைப் பொத்துவது, பின்மண்டையில் கை பட்டதும் அலறித் தலையை உதறுவது என்று முடிவெட்டும் நாள் வீட்டையே கலக்கிவிடுகிறது.

மருத்துவமனை ஊசி எப்போதோ வருவது. முடிவெட்டு ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் திரும்பி வருவது. அறிமுகமில்லாத ஒருவர், கூரிய கருவியோடு, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கம் நின்று, தலையைத் தொட்டுத் திருப்பிச் செய்யும் வேலை அது. ஓசை, தொடுகை, எதிர்பாராமை, அந்நியரின் நெருக்கம், அசையாமல் உட்காரும் கட்டாயம் எல்லாம் ஒரே கால்மணி நேரத்துக்குள் கூடுகின்றன. அதனாலோ என்னவோ, ஆட்டிசம் பற்றிய முக்கியமான கோட்பாடுகள் பலவும் இந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்திருக்கின்றன.

கேள்வி இரண்டு பகுதி கொண்டது. குழந்தை ஏன் அஞ்சுகிறது? அச்சம் தணிய எது மாற வேண்டும்: குழந்தையா, வெட்டும் முறையா, இடமா? இவற்றுக்குச் சொல்லப்பட்ட விடைகளையும் அவற்றின் பிறப்பிடங்களையும் ஓட்டைகளையும் தொகுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் பதிவுகளும் நீண்ட மறதியும்

பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி 1943-இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசத்தின் மருத்துவ வரலாறு வழக்கமாகத் தொடங்கப்படுகிறது. வேக்குவம் கிளீனர் போன்ற கருவிகளின் ஓசை அக்குழந்தைகளை நடுங்கவைத்ததை அவர் குறித்துவைத்தார். அதைவிட முக்கியமானது அவர் அதற்குத் தந்த விளக்கம். குழந்தை அஞ்சுவது ஓசைக்கல்ல, தன் தனிமைக்குள் அத்துமீறி நுழையும் ஓசைக்கே. அதே அளவு இரைச்சலைக் குழந்தை தானே மகிழ்ச்சியோடு எழுப்புகிறது என்றார் கானர்.

அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதிய ஆய்வில் தோல் முன்னுக்கு வந்தது. புதுச்சட்டையின் சொரசொரப்பும் தைத்து ஒட்டுப்போட்ட காலுறையும் பொறுக்காத குழந்தைகள், நகம் வெட்டும்போது ரகளை செய்யும் குழந்தைகள், குளியல் தண்ணீரே ஒவ்வாத குழந்தைகள் அதில் வருகிறார்கள். நாஜி ஆட்சியில் ஆஸ்பெர்கரின் பங்கு 2018-இல் வெளிவந்த ஆவண ஆய்வுக்குப் பிறகு கடும் கண்டனத்துக்கு உள்ளாகியிருக்கிறது. அவருடைய பெயரைத் தாங்கி நின்ற நோய்ப்பெயரும் வழக்கொழிந்துவருகிறது. ஆனாலும் நகம் வெட்டுவது பற்றிய அந்தக் குறிப்பு, உடல் பராமரிப்பு ஏன் போராட்டமாகிறது என்ற கேள்வியின் ஆரம்பகாலப் பதிவுகளில் ஒன்றாக நிற்கிறது.

ஆக, தோல் தாங்கவில்லை என்ற விளக்கமும், தன் கட்டுப்பாடு பறிபோகிறது என்ற விளக்கமும் தொடக்கத்திலேயே அருகருகே இருந்தன. பின்வந்த ஆண்டுகளில் இரண்டுமே ஓரங்கட்டப்பட்டன. தாயின் பாசக்குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது. புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூல் அதைப் பரவலாக்கியது. அந்தக் கண்ணோட்டத்தில் சலூனில் அழும் குழந்தை, வளர்ப்பின் தோல்விக்குச் சாட்சி. அந்தக் கோட்பாடு ஆய்வுலகில் செத்துவிட்டது. சலூனில் காத்திருப்போரின் பார்வையிலும் உறவினர் பேச்சிலும் அதன் நிழல் இன்னும் முழுவதும் விலகியதாகச் சொல்ல முடியாது.

தோலும் காதும் சொல்வது

புலன்களை மையத்துக்குக் கொண்டுவந்தவர் கலிஃபோர்னியாவின் ஜீன் ஏயர்ஸ். தொழில்வழி சிகிச்சையாளரான இவர் 1960-களில் தொடுகைத் தற்காப்பு என்ற கருத்தை முன்வைத்தார். சாதாரணத் தொடுகையையே ஆபத்தாக எடுத்துக்கொண்டு உடல் விலகும் நிலை அது. புலன் ஒருங்கிணைப்பு பற்றிய அவருடைய முதல் பெரிய நூல் 1972-இல் வந்தது. அவர் வழியில் வந்த வின்னி டன் 1999-இல் வெளியிட்ட புலன் வினாத்தாளில், முடி வெட்டும்போதும் முகம் கழுவும்போதும் நகம் வெட்டும்போதும் குழந்தை அழுகிறதா, எதிர்க்கிறதா என்ற கேள்வி இடம்பெற்றது. வீட்டுத் தொல்லையாக இருந்த ஒன்று அளவுகோலின் ஒரு வரியானது. அந்த வினாத்தாளின் சுருக்க வடிவத்தைக் கொண்டு ஸ்காட் டாம்செக்கும் டன்னும் 2007-இல் செய்த ஆய்வில், ஆட்டிசம் உள்ள 281 குழந்தைகளில் 95 விழுக்காட்டினரிடம் ஏதோவொரு புலன்சார் வேறுபாடு காணப்பட்டது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, புலன்களின் மிகை அல்லது குறை எதிர்வினையை ஆட்டிசத்தை அறியும் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

முடிவெட்டும் மெஷினை எடுத்துக்கொண்டால் இந்த விளக்கம் எளிதில் விளங்கும். சலூன்களில் ஓடும் காந்தவகை மெஷின்கள் மின்னோட்டத்தின் அலைவெண்ணைப் பின்பற்றி அதிர்பவை. இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ் என்பதால், அத்தகைய மெஷினின் பிளேடு நொடிக்குச் சுமார் 100 முறை அடிக்கிறது. காதுக்குப் பின்னால் அதை வைக்கும்போது ஓசை காற்று வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உட்காதுக்குப் போகிறது. காதைப் பொத்தினாலும் குழந்தைக்கு அது கேட்கும். பேட்டரியில் ஓடும் டிரிம்மர்கள் பல வேறு வகை மோட்டார் கொண்டவை. அவற்றின் ஓசையும் வேறு. மெஷினை மாற்றியதும் சில குழந்தைகள் அமைதியாவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் ஆய்வுக்கூட அளவீடுகள் ஒரே குரலில் பேசவில்லை. லண்டனில் சாரா ஜேன் பிளேக்மோரும் சக ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பெர்கர் வகையினரான பெரியவர்கள் 200 ஹெர்ட்ஸ் அதிர்வை மற்றவர்களைவிட நுட்பமாக உணர்ந்தார்கள். 30 ஹெர்ட்ஸ் அதிர்வில் வித்தியாசம் இல்லை. மறுபுறம், துருக்கியில் 2007-இல் நடந்த சிறிய ஆய்வொன்று ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் தொடுகை நுட்பம் மற்றவர்களைப் போலவே இருப்பதாகக் கண்டது. தோல் அதிகமாக உணர்வதில்லை, உணர்ந்ததை மனம் எடுத்துக்கொள்ளும் விதமே வேறு என்பது அதன் முடிவு. ஹார்வர்டில் லாரன் ஒரேஃபீஸ் உள்ளிட்டோர் 2016-இல் வெளியிட்ட எலி ஆய்வு இந்த வாதத்தை மீண்டும் தோல் பக்கம் இழுத்தது. ஆட்டிசத்தோடு தொடர்புடைய சில மரபணுக்களைத் தொடுநரம்புகளில் மட்டும் முடக்கினாலே, ரோமம் மூடிய தோலில் எலிகள் மிகையாகச் சிலிர்த்தன; பதற்றமும் கூடியது. எலிக்குப் பொருந்துவது குழந்தைக்கும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. எனினும் மூளையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த விவாதத்தில் தோலின் நரம்புகளுக்கும் இடம் கிடைத்தது.

விளக்கம் வலுத்த அளவுக்குச் சிகிச்சை வலுக்கவில்லை என்பதுதான் புலன்களை மையமாக்கும் இந்த முதல் நிலைப்பாட்டின் பலவீனம். ஊஞ்சல், பிரஷ், ஆழ்ந்த அழுத்தம் முதலியவற்றைக் கொண்ட புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சைக்குச் சான்று போதாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-இல் எச்சரித்தது. பிரிட்டனில் 138 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்போடு ஒப்பிடுகையில் நடத்தைச் சிக்கல்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. காரணத்தைச் சரியாகச் சொல்வதும் அதற்கு மருந்து வைத்திருப்பதும் ஒன்றல்ல.

பழகப் பழகப் போகுமா?

அச்சம் பழக்கத்தால் தணியும் என்ற இரண்டாம் நிலைப்பாட்டுக்கு வயது அதிகம். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அஞ்சிய மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தபடி முயலை மெல்ல மெல்ல அருகே கொண்டுவந்து அச்சத்தைத் தணித்தார். 1958-இல் ஜோசஃப் வோல்பி இதை முறையான சிகிச்சையாக வகுத்தார். அச்சத்தைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒரு படியில் மனம் அடங்கிய பிறகே அடுத்த படிக்கு ஏறுவது அதன் சாரம்.

முடிவெட்டில் இது எப்படி நடக்கிறது என்பது இன்று பரவலாகத் தெரிந்த ஒன்று. ஓடாத மெஷினை விளையாட்டுப் பொருள்களோடு கிடத்துவது முதல் படி. பிறகு அடுத்த அறையில் அது ஓடும் ஓசை. அதே அறையில் ஓசை. குழந்தையின் உள்ளங்கையில், தோளில், கழுத்தில் ஓடாத மெஷின். பின்னர் ஓடும் மெஷினின் பின்பக்கம். கடைசியில் ஒரே ஒரு முறை இழுப்பு. ஒவ்வொரு படிக்கும் பிடித்த பொருளோ பாராட்டோ உண்டு. தாளமான எண்ணிக்கை, ‘பத்து எண்ணி முடித்ததும் நிறுத்திவிடுவேன்’ என்ற உறுதி, அந்த உறுதியைத் தவறாமல் காப்பது ஆகியவையும் இந்த வழியின் கருவிகள்.

நடத்தைப் பகுப்பாய்வாளர்கள் இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்தார்கள். குழந்தை அலறியதும் வெட்டு நிற்கிறது. ஆகவே அலறல் பலன் தருகிறது. பலன் தருவது வளர்கிறது. அலறினாலும் நிறுத்தாமல் வெட்டினால் அலறல் தேயும் என்பது இதிலிருந்து சிலர் எடுத்த முடிவு. ஐவார் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் தண்டனைகளும் இடம்பெற்றிருந்தன. அந்த வரலாற்றின் காரணமாகவே இந்தத் துறை மீதான ஐயம் இன்றும் நீடிக்கிறது.

இந்நிலைப்பாட்டுக்கு எதிரான வாதங்கள் மூன்று. சான்றுகளில் பெரும்பகுதி ஓரிரு குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து வருகிறது என்பது ஒன்று. முடிவெட்டு பற்றி 2011-இல் ஒரு நடத்தையியல் இதழில் வந்த ஆய்வு ஒரே குழந்தையைப் பற்றியது. அதன் தலைப்பு கீழ்ப்படிதலை அதிகரிப்பது பற்றிப் பேசியதேயன்றி, அச்சத்தைக் குறைப்பது பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது, பழகினால் மங்கும் என்ற அடிப்படையே எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்துமா என்பது. ஷூலமைட் கிரீனும் சக ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், புலன்மிகை (புலன்களின் மிகை எதிர்வினை) கொண்ட ஆட்டிச இளையோருக்குச் சற்றே தொந்தரவான தொடுகையையும் ஓசையையும் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் கொதிப்பு எதிர்பார்த்த வேகத்தில் அடங்கவில்லை. அப்படியானால் படிகளை வேகமாக ஏற்றுவது பழக்கமாகாமல், அடுக்கடுக்கான காயமாகவும் ஆகக்கூடும்.

மூன்றாவது வாதம் காரண வரிசையைப் பற்றியது. கிரீனும் அயலெட் பென் சாசனும் 2010-இல் எழுதிய கட்டுரை மூன்று சாத்தியங்களை முன்வைத்தது: பதற்றம் புலன்மிகையை வளர்க்கலாம், புலன்மிகை பதற்றத்தை வளர்க்கலாம், இரண்டுக்கும் பொது வேர் ஒன்று இருக்கலாம். 2012-இல் அவர்கள் உள்ளிட்ட குழு சிறு குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், முன்பிருந்த புலன்மிகை பின்னர் வரும் பதற்றத்தைக் காட்டிக்கொடுத்தது. பதற்றம் புலன்மிகையைக் காட்டிக்கொடுக்கவில்லை. இது நிலைத்தால், அச்சத்தை மட்டும் பழக்கித் தணிப்பது வேரை விட்டு இலையைக் கிள்ளுவது போலாகலாம்.

அடுத்து என்ன என்று தெரிந்தால்

மூன்றாம் நிலைப்பாடு தோலையும் அச்சத்தையும் விட்டு, எதிர்பாராமையைக் குற்றவாளியாக்குகிறது. வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் தலைமையில் 1972-இல் மாநிலத் திட்டமாக வளர்ந்த கல்விமுறை, நாளின் நிகழ்வுகளைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டுவதை வழக்கமாக்கியது. 1991-இல் கரோல் கிரே சமூகக் கதைகள் என்ற வடிவத்தைத் தொடங்கினார். சலூனுக்குப் போவோம், நாற்காலியில் உட்காருவோம், துணி போர்த்துவார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், கத்தரி ‘சிக் சிக்’ என்று ஓசை போடும், பிறகு வீட்டுக்கு வருவோம் என்று குழந்தையின் பார்வையில் எழுதப்படும் சிறு கதைகள் இவை.

லிஸ் பெலிக்கானோவும் டேவிட் பர்ரும் 2012-இல் முன்வைத்த கருத்து இதற்குக் கோட்பாட்டுத் துணை தருகிறது. மூளை முன்னனுபவத்தைக் கொண்டு வரப்போவதை ஊகித்துக்கொண்டே இருக்கிறது. ஆட்டிசத்தில் அந்த ஊகத்தின் பிடி தளர்வாக இருப்பதால் ஒவ்வொரு புலன்செய்தியும் புத்தம்புதிதாக, முழு வீச்சில் வந்து மோதுகிறது என்பது அதன் சுருக்கம். பின்னாலிருந்து வரும் கை எப்போது எங்கே படும் என்று தெரியாத முடிவெட்டு இதற்கு ஏறக்குறைய பாடநூல் உதாரணம். கண்ணாடி முன் உட்கார்ந்தும் தலையைக் குனியவைத்துவிட்டால் அந்த ஒரே துணையும் போய்விடுகிறது.

ஆனால் கதை படித்தால் மட்டும் போதும் என்பதற்குச் சான்று மெலிவு. சமூகக் கதைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வந்த மதிப்பீடு, ஒட்டுமொத்தப் பலன் குறைவு, குழந்தைக்குக் குழந்தை மாறுவது என்ற முடிவுக்கு வந்தது. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கதையில் கத்தரி என்று எழுதிவிட்டு, கடையில் மெஷினை எடுத்தால் கதையே பொய்யாகிவிடும். சொன்னபடி நடக்காத முன்னறிவிப்பு, முன்னறிவிப்பே இல்லாததைவிட மோசமாக முடியலாம்.

நாற்காலியை மாற்றுவது

குழந்தையைத் தயார்செய்வதைவிட இடத்தைத் தயார்செய்வது எளிது என்கிறது நான்காம் நிலைப்பாடு. 2015-இல் வேல்ஸ் நாட்டின் பிரிட்டன் ஃபெரி என்ற ஊரில் முடிதிருத்துநர் ஒருவர் ஆட்டிசம் உள்ள சிறுவனுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தபடி முடி வெட்டும் படம் உலகெங்கும் பரவியது. நாற்காலி, துணி, கண்ணாடி என்று தொழிலின் வழக்கங்கள் எல்லாவற்றையும் கைவிட்டு, குழந்தை இருக்கும் இடத்துக்கு வேலை போனதே அந்தப் படத்தின் செய்தி. மேலைநாடுகளில் கூட்டமில்லாத நேரம், பாட்டு நிறுத்திய கடை, மங்கலான வெளிச்சம் ஆகியவற்றை வழங்கும் சலூன்கள் அதன்பின் பேசுபொருளாயின.

முடிவெட்டில் இந்த வழிக்குப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் அரிது. ஆனால் பக்கத்துத் துறையான பல் மருத்துவத்தில் சான்று உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் 6 முதல் 12 வயது வரையுள்ள ஆட்டிசக் குழந்தைகள் 162 பேரின் தரவைக் கொண்டு நடந்து, 2023-இல் வெளியான ஆய்வில், விளக்கைக் குறைத்து, மெல்லிசை வைத்து, மேற்கூரையில் அசையும் படங்களைக் காட்டி, உடலை அணைத்துப் பிடிக்கும் போர்வையும் தந்தபோது, குழந்தைகளின் உடல்வழிப் பதற்றமும் அழுகை, எதிர்ப்பு போன்ற வெளிப்பாடுகளும் குறைந்தன. வாயைத் திறந்து கருவியை விடுவதிலேயே இது பலிக்குமானால், தலையைத் தொடுவதிலும் பலிக்கலாம் என்று ஊகிப்பதில் தவறில்லை. ஊகம் என்பதை மறக்காதவரை.

இதன் எல்லையும் தெளிவு. தரையில் படுத்து வெட்டும் ஒருவர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார். தனிக் கவனிப்பு பணத்தோடு வருவது. சிறப்பு இடத்துக்கு மட்டுமே பழகிய குழந்தை வளர்ந்தபின் தெருமுனைக் கடையில் என்ன செய்யும் என்ற கேள்விக்கும் இந்த வழியில் விடை இல்லை. குழந்தை தூங்கும்போது வெட்டிவிடுவதும் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு வெட்டுவதும் வீட்டு அளவில் இதே வழியின் எளிய வடிவங்கள். அன்றைய வேலை முடிகிறது. அடுத்த மாதத்துக்கான நம்பிக்கை சேர்வதில்லை.

நிறுத்தும் உரிமை

ஐந்தாம் குரல் ஆட்டிசம் உள்ளவர்களுடையது. டெம்பிள் கிராண்டின் 1986-இல் வெளியிட்ட தன்வரலாற்றிலும் பின்வந்த எழுத்துகளிலும், அணைப்பை விரும்பியும் அணைக்கப்படும்போது தாங்க முடியாமல் விலகியதையும், அழுத்தத்தின் அளவைத் தானே கட்டுப்படுத்தும் கருவி ஒன்றைச் செய்துகொண்டதையும் விவரித்தார். ஓசையை எழுப்புவது தான் என்றால் குழந்தைக்கு அச்சமில்லை என்ற கானரின் குறிப்பு இங்கே உள்ளிருந்து உறுதிப்படுகிறது. 1993-இல் ஜிம் சின்க்ளேர் பெற்றோரை நோக்கி எழுதிய கட்டுரையும், 2012-இல் டேமியன் மில்டன் முன்வைத்த இருபக்கப் புரிதல் சிக்கல் என்ற கருத்தும், புரியாமை குழந்தையிடம் மட்டும் இல்லை என்று வாதிட்டன. முடிவெட்டுக்கு இதைப் பொருத்தினால் கேள்வி தலைகீழாகிறது: குழந்தை ஏன் ஒத்துழைக்கவில்லை என்பதற்குப் பதிலாக, குழந்தையின் மறுப்பை ஏன் யாரும் மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை?

இந்த நிலைப்பாடு நடத்தையியலுக்கு முற்றிலும் எதிரானது என்று தோன்றும். அப்படியல்ல என்பதற்கு அத்துறையிலேயே சான்று இருக்கிறது. எட்வர்ட் காரும் மார்க் டியூராண்டும் 1985-இல் காட்டியது இதுதான்: தப்பிப்பதற்காக அலறும் குழந்தைக்கு, சொல்லால் உதவி கேட்கக் கற்றுக்கொடுத்தால் அலறல் குறைகிறது. முடிவெட்டிலும் கையைத் தூக்கினாலோ சிவப்பு அட்டையைக் காட்டினாலோ மெஷின் நின்றுவிடும் என்றால், அதே பலன் இப்போது அலறலுக்குப் பதில் சைகைக்குக் கிடைக்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள, நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்கான அமெரிக்கச் சான்றளிப்பு வாரியத்தின் நெறிமுறையும் சிகிச்சை பெறுவோரின் ஒப்புதலைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது.

இங்கும் ஓட்டை உண்டு. அட்டையைக் காட்டிக்கொண்டே இருக்கும் குழந்தையின் முடியை எப்போது வெட்டுவது? பேசாத குழந்தையின் சம்மதத்தை எதைக்கொண்டு அறிவது? பேன், பொடுகு, கண்ணை மறைக்கும் முடி என்று தவிர்க்க முடியாத காரணம் வரும்போது எல்லை எது? முடியை நீளமாகவே விட்டுவிடலாமே என்ற எளிய விடையும் ஒரு விடைதான். ஆனால் பள்ளியும் ஊரும் அதை ஏற்பது பெற்றோரின் கையில் மட்டும் இல்லை.

பலகையும் தாய்மாமன் மடியும்

மேற்சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்தவை. தமிழ்ச் சூழலில் முடிவெட்டின் முதல் அனுபவம் பலருக்குச் சலூனில் நிகழ்வதே இல்லை. குலதெய்வக் கோயிலிலோ பழனியிலோ திருப்பதியிலோ சமயபுரத்திலோ முடி இறக்குவதில் தொடங்குகிறது. கூட்டம், மேளம், நனைத்த தலை, சவரக்கத்தி, அழுத்திப் பிடிக்கும் தாய்மாமன் மடி, முடிந்ததும் குளிர்ந்த சந்தனம், பல குடும்பங்களில் தொடர்ந்து காதுகுத்து. மெஷினின் அதிர்வு இங்கே இல்லை. ஆனால் மற்ற எல்லாம் ஒரே நேரத்தில் உண்டு. ஒன்றிரண்டு வயதில் ஆட்டிசம் கண்டறியப்பட்டிருக்காது என்பதால், அந்த அழுகை எல்லாக் குழந்தைகளின் அழுகையோடும் கலந்து மறைந்துபோகிறது. நேர்த்திக்கடனைத் தள்ளிப்போடுவது குடும்பங்களுக்கு எளிதல்ல. ஆனால் கூட்டமில்லாத நாளைத் தேர்வதும், முன்கூட்டியே வீட்டில் தலை நனைத்துப் பழக்குவதும் வழிபாட்டுக்கு முரணானவை அல்ல.

சலூனிலும் நமக்கென்று சில உண்டு. நாற்காலியின் கைப்பிடிகள் மேல் பலகை போட்டு உட்காரவைக்கும்போது கால் பிடிமானம் இல்லாமல் தொங்குகிறது. உடல் நிலைகொள்ளாத குழந்தைக்கு அதுவே முதல் பதற்றமாக இருக்கலாம். பெற்றோரின் மடி அதற்கு மாற்று. ஞாயிறு காலையின் கூட்டமும் தொலைக்காட்சி இரைச்சலும் வாரநாள் மதியத்தில் இருப்பதில்லை. முடிதிருத்துநர் வீட்டுக்கு வந்து திண்ணையில் வெட்டும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. சாதிக் கட்டாயத்தோடு பிணைந்த அந்த முறையைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் உரிய கூலியோடும் மரியாதையோடும் வீட்டுக்கு வரும் சேவை, இடத்தை மாற்றும் நான்காம் நிலைப்பாட்டுக்கு நம்மிடம் உள்ள இயல்பான வடிவம்.

பெண் குழந்தைகளின் நிலை இன்னும் குறைவாகப் பேசப்படுவது. அவர்களுக்குப் போராட்டம் மாதம் ஒருமுறை வருவதில்லை. சிக்கெடுப்பதும் சடை பின்னுவதுமாகத் தினம் காலையில் வருகிறது. ஆய்வுகளில் ஆண் குழந்தைகளே பெரும்பான்மை என்பதால் இது கணக்கில் வருவதில்லை. எண்ணெய் தேய்க்கும்போது உள்ளங்கையால் கொடுக்கும் அழுத்தமான தொடுகையைச் சில குழந்தைகள் ஏற்கக்கூடும். லேசான வருடலைவிட உறுதியான அழுத்தம் இதமானது என்று கிராண்டின் போன்றோர் சொல்லியிருப்பதோடு அது பொருந்துகிறது. இது சோதித்துப் பார்க்கத்தக்க ஊகமேயன்றி நிறுவப்பட்ட மருந்தல்ல.

சட்டத்தில் இடம் இருக்கிறது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்கின்றன. இந்தியாவில் பயன்படும் 40 வினாக்கள் கொண்ட ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் புலன்சார் கூறுகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. ஆனால் சான்றிதழில் மதிப்பெண்ணாக மாறிய அந்தப் புலன்மிகை, சலூன் வாசலில் எந்த வசதியாகவும் மாறுவதில்லை.

எஞ்சி நிற்பவை

இந்த ஐந்து விடைகளும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும், அவை வெவ்வேறு குழந்தைகளைப் பற்றிப் பேசுகின்றன என்று கொள்வதற்கு நியாயம் அதிகம். மெஷினுக்கு மட்டும் அலறி, கத்தரிக்கு அமைதியாக இருக்கும் குழந்தைக்கும், சலூன் தெரு வந்ததுமே நடுங்கும் குழந்தைக்கும் ஒரே வழி பொருந்தாது. முன்னதற்குக் கருவியை மாற்றினால் போதலாம். பின்னதற்குப் பழைய அனுபவம் விட்டுச்சென்ற அச்சத்தை மெல்ல அவிழ்க்க வேண்டியிருக்கும். வெட்டிய முடித்துணுக்குகள் முதுகில் குத்துவதுதான் சிக்கல் என்றால், உடனே குளித்து வேறு சட்டை மாற்றுவதே சிகிச்சை. ஆகவே வழியைத் தேர்வதற்கு முன் எந்தப் படியில் உடல் விறைக்கிறது என்று கவனிப்பது எல்லா நிலைப்பாடுகளுக்கும் பொதுவான முதல் வேலையாக இருக்க முடியும்.

வயது என்ற காரணியும் முடிவுகளைக் குழப்புகிறது. 14 ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் பென் சாசனும் குழுவினரும் செய்த மதிப்பீட்டின்படி, புலன்மிகை 6 முதல் 9 வயதில் உச்சத்தைத் தொட்டு அதன்பின் தணியும் போக்கு தெரிகிறது. எட்டு வயதில் தொடங்கிப் பத்து வயதில் வெற்றி கண்ட எந்த முறையும், தானாகவே தணிந்திருக்கக்கூடிய ஒன்றுக்குப் புகழ் வாங்கிக்கொண்டதா என்று கேட்டே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வெற்றியை எதைக்கொண்டு அளந்தோம் என்பதில் இருக்கிறது. எத்தனை நிமிடம் உட்கார்ந்தது, எத்தனை படி ஏறியது, முடிவெட்டு முடிந்ததா என்று நடத்தையியல் ஆய்வுகள் எண்ணின. அமைதியாக உட்கார்ந்திருக்கும் குழந்தை இதமாக இருக்கலாம். எதிர்த்துப் பயனில்லை என்று அடங்கியும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பல் மருத்துவ ஆய்வு உடலின் பதற்றத்தையே அளந்ததுபோல முடிவெட்டிலும் அளந்தால் இவற்றைப் பிரித்தறிய முடியலாம். இன்னும் எளிய அளவுகோல் ஒன்றும் உண்டு. அடுத்த முறை சலூனுக்குக் கிளம்பும்போது குழந்தை வாசலில் எப்படி நிற்கிறது என்பது அது. இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் ஆய்வுகள் பெருகும்வரை, எந்த வழி சிறந்தது என்ற கேள்வியைத் திறந்தே வைப்பதுதான் நேர்மை. இப்போதைக்கு உறுதியோடு சொல்லக்கூடியது குறைவு: நிறுத்தச் சொல்லும் வழி குழந்தையின் கையில் இருந்து, அது மதிக்கப்படும்போது, மற்ற நான்கு வழிகளும் தீங்கு செய்யும் வாய்ப்பு குறைகிறது என்று நம்புவதற்கு இதுவரையிலான சான்றுகளில் இடம் இருக்கிறது.